1840-ல் பிறந்த அமெரிக்க முன்னோரை எங்கே தேடுவது?

கேள்வி கேட்டவரின் மனைவி அமெரிக்கர். அவருடைய அப்பா வழி முன்னோர் ஒருவர் 1840 வாக்கில் ஜெர்மனியில் பிறந்து, சிறுவனாக ஒஹையோவுக்கு வந்து, உள்நாட்டுப் போரில் (1861-65) வடக்குப் படையில் சண்டையிட்டு, பிறகு கான்சாஸில் விவசாயம் செய்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். நியூயார்க் துறைமுகத்துக் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் அவர் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அம்மா வழியோ ஜார்ஜியாவின் கறுப்பினக் குடும்பம். அங்கே 1870-க்கு முன்னால் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடினால் ஒரே பெயரில் நான்கைந்து பேர் வருகிறார்கள், எங்கே தொடங்குவது என்பது கேள்வி.

இரண்டு கிளைகளுக்கும் தனித்தனி வழி வேண்டும். ஆனால் அடிப்படை ஒன்றுதான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் ஆட்கள் எடுத்தவுடன் தேடுவது பிறப்புச் சான்றிதழ். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கரில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு தாளே கிடையாது. பிறப்பு, இறப்புப் பதிவு அங்கே மாநிலங்களின் வேலை, பல மாநிலங்கள் மிகத் தாமதமாகத்தான் அதைத் தொடங்கின. ஒஹையோவில் 1867-ல் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அளவில் ஆரம்பித்து, மாநிலப் பதிவு 1908 கடைசியில் வந்தது. கான்சாஸில் 1911, ஜார்ஜியாவில் 1919. விதிவிலக்கு நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்கள். மாசசூசெட்ஸில் ஊர்க் குமாஸ்தாக்கள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே பிறப்பையும் திருமணத்தையும் எழுதி வந்தார்கள், 1841-ல் மாநிலமும் பதிவைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1822-ல் பிறந்தது அந்த மாநிலத்து வூஸ்டரில்தான். அப்படிப்பட்ட ஊர்க்காரரைத் தேடுவது சுலபம். உங்கள் மனைவியின் இரண்டு கிளைகளுக்கும் அந்த வசதி இல்லை.

அப்படியானால் அரசாங்கம் ஒரு சாதாரண மனிதரை எப்போது எழுதி வைத்தது? நிலம் கேட்டபோது, பென்ஷன் கேட்டபோது, கடனோ சொத்தோ வைத்துவிட்டு இறந்தபோது, வரி கட்டியபோது. பணமும் நிலமும் கைமாறிய இடத்தில்தான் காகிதம் இருக்கும். தேடலில் எந்தப் படியில் நின்றாலும், ‘இவரிடம் யார், எதற்காக எழுதி வாங்கியிருப்பார்கள்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயரைத் தேடுபெட்டியில் தட்டிக்கொண்டே இருப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

இன்னொரு விஷயம், நேராக 1840-க்குத் தாவக் கூடாது. மனைவியிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். அந்தப் பெரியவரின் பிள்ளைகள் 20-ஆம் நூற்றாண்டில் இறந்திருப்பார்கள், அவர்களுடைய இறப்புச் சான்றிதழில் அப்பா பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்டு எழுதியிருப்பார்கள். தகவல் சொன்னவர் மருமகனாகவோ பேத்தியாகவோ இருக்கலாம், அதனால் தவறும் இருக்கும். எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழையும் எடுத்து ஒப்பிடுங்கள். மற்றவர்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் குடும்ப மரங்களைத் துப்பு என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்த தவறை ஐம்பது பேர் நகலெடுத்திருப்பார்கள், ஐம்பது பேர் சொல்கிறார்களே என்று நாமும் நம்பிவிடுவோம்.

சரி, சென்சஸுக்கு வருவோம். அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1850-லிருந்து சுதந்திரமாக வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பிறந்த இடம் வந்துவிட்டது. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்பது 1880 வரை எழுதப்படவில்லை. 1860-ல் ஒரே வீட்டில் ஒரு ஆண், ஒரு பெண், மூன்று குழந்தைகள் என்றால் அவர்கள் கணவன் மனைவிதான் என்று முடிவுகட்ட வேண்டாம், அண்ணன் தங்கையாக இருக்கலாம், இரண்டாம் தாரமாகவும் இருக்கலாம். 1880-ல் உறவுமுறையோடு பெற்றோர் பிறந்த இடத்தையும் கேட்டார்கள். 1900 இன்னும் நல்லது. பிறந்த மாதமும் ஆண்டும், திருமணமாகி எத்தனை வருடம், அந்த அம்மா பெற்ற பிள்ளைகள் எத்தனை, அதில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, எந்த ஆண்டில் அமெரிக்கா வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1910 பக்கத்தின் வலது ஓரத்தில் ‘யூ.ஏ.’ (UA, யூனியன் ஆர்மி) என்ற இரண்டு எழுத்து இருந்தால் அவர் வடக்குப் படையின் பழைய வீரர்.

உங்கள் ஜெர்மானியருக்கு 1860, 1870 சென்சஸ்களைக் கவனமாகப் பாருங்கள். ஜெர்மனி ஒரே நாடானது 1871-ல்தான். அதற்கு முன் பிறந்த இடம் பிரஷ்யா, பவேரியா, ஹனோவர், வூர்ட்டம்பெர்க் என்று தனித்தனியாக எழுதப்பட்டது. அந்த ஒரு சொல் பின்னால் பெரிய உதவி செய்யும்.

1890 சென்சஸை எதிர்பார்க்காதீர்கள். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் பிடித்த தீயிலும், அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரிலும் பெரும்பகுதி கெட்டுப்போனது. மிஞ்சியதையும் 1930-களில் அழிக்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள்தான் இன்று இருக்கின்றன. அதே ஆண்டு வடக்குப் படை வீரர்களையும் விதவைகளையும் தனியாக எடுத்த பட்டியல் பாதி தப்பியது, ஆனால் அகரவரிசையில் கென்டக்கிக்கு முந்தைய மாநிலங்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. கான்சாஸும் அதில் சேர்த்தி. நல்லவேளையாக கான்சாஸ் தானாகவே 1865, 1875, 1885, 1895 என்று மாநிலச் சென்சஸ் எடுத்தது. எந்த மாநிலத்திலிருந்து கான்சாஸுக்கு வந்தார் என்று 1875 முதல் அதில் ஒரு கேள்வி உண்டு, 1885-ல் படைப்பிரிவு விவரமும் கேட்டிருக்கிறார்கள். 1880-க்கும் 1900-க்கும் நடுவிலுள்ள இருபது வருட இருட்டை உங்களுக்கு இது பெருமளவு போக்கிவிடும்.

ஒரே பெயரில் நான்கைந்து பேர் என்ற சிக்கலுக்கும் தீர்வு இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் போடுங்கள். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் வரிசை, எந்தக் கவுண்டி, அதற்குள் எந்த டவுன்ஷிப் (உட்பிரிவு), பக்கத்து வீடுகளில் யார் என்று எழுதுங்கள். வயதை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் தன் வயதே பலருக்குச் சரியாகத் தெரியாது, ஐந்து வருடம் முன்னே பின்னே போவது சகஜம். பெயரின் எழுத்தும் மாறிக்கொண்டே இருக்கும், வாசலில் நின்ற கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதினார். மாறாமல் வருவது அக்கம்பக்கம்தான். ஒஹையோவில் பக்கத்து வீட்டில் இருந்த குடும்பம் பத்து வருடம் கழித்து கான்சாஸிலும் பக்கத்தில் இருந்தால், நீங்கள் சரியான ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் மாமனாரோ, மச்சானோ, ஜெர்மனியில் அதே கிராமத்துக்காரரோவாக இருப்பார். குடியேறிகள் தனியாளாக இடம் பெயரவில்லை, கூட்டமாகத்தான் போனார்கள்.

அடுத்தது பென்ஷன் கோப்பு. வேறு எதற்கும் பணம் செலவழிக்காவிட்டாலும் இதற்குச் செலவழியுங்கள்.

வடக்குப் படை வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் 1862 சட்டப்படி பென்ஷன் கிடைத்தது. தொடக்கத்தில் போரில் பட்ட காயம், நோய், மரணம் ஆகியவற்றுக்கு மட்டும். 1890-ல் சட்டம் தளர்ந்தது. தொண்ணூறு நாள் சேவை செய்து, இப்போது உடலுழைப்பு செய்ய முடியாமல் போனவர் எவரும் கேட்கலாம், காரணம் போராக இருக்க வேண்டியதில்லை. இலட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். அந்த வரிசையின் கடைசி பென்ஷன், மாதம் 73.13 டாலர், ஒரு வீரரின் மகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் 2020-ல் இறந்த பிறகுதான் நின்றது.

பென்ஷன் அலுவலகம் யாரையும் எளிதில் நம்பவில்லை, நமக்கு அதுதான் வசதியாகப் போயிற்று. விதவை பணம் கேட்டால் தனக்குத் திருமணம் நடந்ததை நிரூபிக்க வேண்டும், முதல் கணவர் இருந்தால் அவர் இறந்ததையும், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியையும் நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத காலம் அல்லவா? அதனால் பிரசவம் பார்த்த பெண் வந்து சத்தியம் செய்வார், பாதிரியார் கடிதம் கொடுப்பார், கூடச் சண்டையிட்டவர் வாக்குமூலம் தருவார். குடும்ப பைபிளில் பிறந்த தேதிகளை எழுதி வைத்திருந்த பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு, அந்தப் பக்கங்கள் இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்புக்குள் இருக்கின்றன. 1898-லும் 1915-லும் அலுவலகமே வீரர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பி, மனைவியின் கன்னிப் பெயர், எங்கே, எப்போது, யார் திருமணம் செய்து வைத்தார், எல்லாப் பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள் எல்லாம் கேட்டு வாங்கியது. மருத்துவர் அறிக்கையில் உயரம், எடை, எந்தக் காது கேட்கவில்லை, எந்த விரல் மடங்கவில்லை என்பதுவரை இருக்கும். பெயராக மட்டும் இருந்த ஒருவர் இந்தக் கோப்பில்தான் ஆளாகத் தெரிவார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் பேச்சு, குமாஸ்தா எழுதிய வாக்குமூலமாக, 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நமக்குக் கிடைப்பது அபூர்வம். அந்த அபூர்வமும் இங்கே உண்டு.

கோப்பை வரவழைக்கப் படைப்பிரிவின் எண் தெரிய வேண்டும். கல்லறைக் கல்லைப் பாருங்கள். 1879 முதல் தனியார் இடுகாட்டில் புதைத்த வடக்குப் படை வீரருக்கும் அரசே கல் கொடுத்தது, அதில் கம்பெனியும் ரெஜிமென்ட்டும் பொறித்திருக்கும். கல்லறைப் படங்களைத் தொகுக்கும் ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் படம் இருக்க வாய்ப்பு அதிகம். பென்ஷன் அட்டவணை ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசம். ஒருவேளை தெற்குப் படையில் இருந்திருந்தால் கூட்டாட்சிப் பென்ஷன் கிடையாது, தென் மாநிலங்கள் தனித்தனியாகக் கொடுத்தன, அந்தந்த மாநிலக் காப்பகத்தில் கேட்க வேண்டும்.

கான்சாஸ் நிலம் எப்படி வந்தது என்று பாருங்கள். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் பட்டா. அப்படி வாங்கியிருந்தால் அமெரிக்க அரசின் நில நிர்வாக அமைப்பு (BLM) நடத்தும் பொது நில அலுவலகத் (GLO) தளத்தில் பெயரையும் கவுண்டியையும் கொடுத்துப் பட்டாவின் படத்தை இலவசமாகப் பார்க்கலாம். பட்டாவோடு நின்றுவிடாதீர்கள், அதிலுள்ள எண்ணை வைத்துத் தேசியக் காப்பகத்தில் முழுக் கோப்பையும் கேளுங்கள். எத்தனை அடி வீடு கட்டினார், எத்தனை ஏக்கர் உழுதார், வீட்டில் எத்தனை பேர் என்பதற்கு இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம் அதில் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் குடியுரிமைத் தாளின் நகலும் இருக்கும். 1906-க்கு முன் குடியுரிமையை எந்த நீதிமன்றத்திலும் வாங்கலாம், எந்த ஊர் நீதிமன்றம் என்று தெரியாமல் திண்டாடுபவர்களுக்கு இந்த நகல் பெரிய உதவி. சிறுவனாக வந்தவர் என்றால் அப்பாவின் குடியுரிமையே மகனையும் சேர்த்துக்கொள்ளும், எனவே அப்பா பெயரிலும் தேடுங்கள். ரயில்வே கம்பெனியிடம் நிலம் வாங்கியிருந்தால் கூட்டாட்சிக் கோப்பு இருக்காது, கவுண்டி பத்திரப் பதிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

எல்லிஸ் தீவுக் கதையை விட்டுவிடுங்கள். அந்த நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1-ல். அதற்கு முன் நியூயார்க்கில் இருந்த குடியேற்ற நிலையமான காசில் கார்டன்கூட 1855-ல்தான் வந்தது. உள்நாட்டுப் போருக்கு முன் வந்தவருக்கும் எல்லிஸ் தீவுக்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் வந்தவர்கள் விஷயத்திலும் அதிகாரிகள் பெயரை மாற்றவில்லை, கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். ஷ்மிட் ஸ்மித்தாகவும், முல்லர் மில்லராகவும் மாறியது அவர்களே அக்கம்பக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதால். கப்பல் பட்டியல்கள் 1820 முதல் உண்டு, ஆனால் 1850-களின் பட்டியலில் ‘ஜெர்மனி’ என்பதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஹாம்பர்க்கில் ஏறியிருந்தால் அதிர்ஷ்டம், அங்கே 1850 முதல் சொந்த ஊரோடு எழுதிய பட்டியல்கள் இருக்கின்றன. பிரெமன் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

கிராமத்தின் பெயர் கிடைக்கக்கூடிய இடம் கப்பலைவிட தேவாலயம்தான் என்பது என் கருத்து. ஒஹையோவிலும் கான்சாஸிலும் ஜெர்மன் சபைகள் தங்கள் மொழியிலேயே பதிவேடு வைத்திருந்தன. திருமணப் பதிவிலும் அடக்கப் பதிவிலும் பிறந்த கிராமத்தை எழுதும் பழக்கம் அந்தப் பாதிரியார்களுக்கு இருந்தது. அதோடு, ஊர்ப் பத்திரிகையின் இரங்கல் செய்தி. கான்சாஸ் வரலாற்றுச் சங்கத்தை 1875-ல் தொடங்கியவர்களே பத்திரிகை ஆசிரியர்கள், அதனால் அந்த மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்ப் பத்திரிகைகளும் பத்திரமாக இருக்கின்றன. கிராமம் தெரிந்துவிட்டால், கத்தோலிக்கர் என்றால் மாட்ரிகுலா தளம் இலவசம், புராட்டஸ்டன்ட் என்றால் ஆர்க்கியோன் கட்டணத் தளம். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். கடல் தாண்டிப் போய்த் தேட முடியுமா என்று தயங்க வேண்டாம். ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஃபால்மத் கேர்னி 1850-ல் அயர்லாந்திலிருந்து நியூயார்க் வந்து, ஒஹையோ, பிறகு இந்தியானா போனவர். அவர் குடும்பத்தின் பதிவு 2007-ல் அயர்லாந்தில் மணிகால் ஊர்ப்பக்கத்துத் தேவாலயப் பதிவேட்டில் கிடைத்தது.

இப்போது ஜார்ஜியா. 1850-லும் 1860-லும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் உடைமையாளர் பெயர் இருக்கும், அவருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். பெயர் எழுதவில்லை. 1870-ல்தான் விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடு சென்சஸில் வருகிறார்கள். அதனால்தான் உங்கள் தேடல் அங்கே நின்றுபோயிருக்கிறது. இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல, ஏறக்குறைய எல்லாக் கறுப்பினக் குடும்பங்களும் முட்டி நிற்கும் சுவர்.

அதைத் தாண்ட வழி உண்டு, மனதைப் பிசையும் வழி. மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தார்கள், சொத்துக்குக் காகிதம் உண்டு. மிஷெல் ஒபாமாவின் முன்னோர் மெல்வினியாவைக் கண்டுபிடித்தது அப்படித்தான். 1850-ல் தென் கரோலினாவில் ஒரு முதியவர் உயில் எழுதினார். நூற்பு ராட்டை, அரிவாள், மேசைவிரிப்பு, மாடுகளோடு சேர்த்து ‘நீக்ரோ பெண் மெல்வினியா’ என்று ஆறு வயதுச் சிறுமியும் அதில் இருந்தாள். கொஞ்ச காலத்தில் அவளுக்கு 475 டாலர் என்று விலை மதித்தார்கள். பிறகு அவளை ஜார்ஜியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1870 சென்சஸில் ஜார்ஜியாவில் நான்கு பிள்ளைகளோடு இருக்கிறார். 1938-ல் இறந்தபோது சான்றிதழில் பெற்றோர் பெயருக்கான இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதியிருக்கிறது.

ஆகவே 1870 பக்கத்தில் உங்கள் குடும்பத்தைக் கண்டதும் அக்கம்பக்கத்து வெள்ளை நில உடைமையாளர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுதலைக்குப் பிறகும் பலர் பழைய நிலத்துக்கு அருகிலேயே கூலிக்கு உழைத்தார்கள். பழைய எஜமானின் குடும்பப் பெயரைத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், சிலர் வைத்துக்கொண்டார்கள், பலர் வேறு பெயரைத் தேர்ந்தார்கள். சந்தேகப்படும் உடைமையாளரின் உயில், சொத்து மதிப்பீட்டுப் பட்டியல், வாரிசுகளுக்குப் பிரித்த கணக்கு, அடமானப் பத்திரம் எல்லாவற்றையும் கவுண்டி ஏடுகளில் தேடுங்கள். அங்கே முதற்பெயர்கள் வரும், சில பட்டியல்களில் தாயும் பிள்ளைகளும் சேர்த்தே எழுதப்பட்டிருப்பார்கள். கையெழுத்து ஏடுகளில் எந்தச் சொல்லையும் தேடும் வசதியை ஃபேமிலிசெர்ச் 2024 முதல் கொடுத்திருக்கிறது, இந்தக் கிளைக்கு அதுதான் இன்றைக்குப் பெரிய வரம்.

அதற்கு நடுவில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஜார்ஜியாவின் 1867 வாக்காளர் பதிவில் கறுப்பின ஆண்கள் முதல்முறையாகக் கையெழுத்தோ குறியோ போட்டிருக்கிறார்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி, கணக்குத் தொடங்கியவரிடம் பெற்றோர், உடன்பிறந்தோர், வளர்ந்த இடம் எல்லாம் கேட்டு எழுதியது, சில படிவங்களில் பழைய எஜமானர் பெயரும் உண்டு. வங்கி திவாலாகி ஏழைகளின் பணம் போனது, ஏடுகள் மிஞ்சின. அப்புறம் நியூ ஆர்லியன்ஸில் வந்த சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வொகேட் பத்திரிகையில் 1879 முதல் வந்த ‘தொலைந்த நண்பர்கள்’ பகுதி. விற்கப்பட்டுப் பிரிந்த அம்மாவை, தம்பியைத் தேடி அறிவிப்புக் கொடுத்தார்கள், எந்த எஜமானிடமிருந்து எந்த எஜமானுக்கு விற்றார்கள் என்பதோடு. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். படித்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

மரபணுச் சோதனை இந்தக் கிளைக்கு ஜெர்மன் கிளையைவிட அதிகம் தேவைப்படும். மெல்வினியாவின் முதல் மகனுடைய தந்தை யார் என்ற கேள்விக்கும் பின்னால் மரபணு ஒப்பீடுதான் விடை காட்டியது, எஜமானரின் மகன்களில் ஒருவர். அப்படி ஒரு விடை வந்தால் வீட்டில் எப்படிப் பேசுவது என்று முன்கூட்டியே மனைவியோடும் மாமியாரோடும் பேசிக்கொள்ளுங்கள். எள்ளுத் தாத்தா பாட்டி பொதுவாக உள்ள உறவினர்களில் (ஆங்கிலத்தில் third cousin) பத்தில் ஒன்பது பேரோடு ஒத்துப்போகும் மரபணுப் பகுதி கிடைக்கும், இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப்போனால் ஏறக்குறைய பாதிப் பேரோடுதான் கிடைக்கும். எனவே சோதனைக்கு உங்கள் பிள்ளைகளின் எச்சிலைக் கொடுப்பதைவிட, மனைவியின் பாட்டியோ பாட்டியின் தங்கையோ இருந்தால் அவர்கள் சம்மதத்தைக் கேட்டு அவர்களுடையதைக் கொடுங்கள். காகிதங்கள் காப்பகத்தில் காத்திருக்கும், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.